ஐம்பது நிமிஷ பில்டு

“நேத்து மத்தியானம் ரெண்டு பத்துக்கு இந்த ரூமுக்குள்ள உனக்கு என்ன வேலை?”

மைத்துனர் திரும்பிப் பார்த்தார். கேட்டவர் அவருடைய அக்காவின் கணவர். இருவரும் சேர்ந்து நடத்திய சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் சரிபாதிக் கூட்டாளி. மேசைமேல் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு இருந்தது. அதன் தலையில் ஒரு குட்டி ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது.

“ஃபேன்ல தூசி அடைச்சிருக்கான்னு பார்த்தேன் மாமா. சூடானா போர்டு தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அதனாலதான் லேட்டாகுதோன்னு...”

“தூசி பார்க்கப் பதினோரு நிமிஷமா?”

“நீங்க அப்ப வெளியிலல்ல போயிருந்தீங்க? உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரோ சொன்னாங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

மாமாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். நாளைக் காலை பத்து மணிக்கு லிஃப்ட் கம்பெனி மேலாளர் அம்மாள் வரப்போகிறார். அவர்கள் லிஃப்டுகளுக்குள் மாட்டும் திரைகளுக்கு ஓர் இயங்குதளம் வேண்டும். அதை இந்தப் போர்டிலேயே, அவர் கண்முன்னால், மூல நிரலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முழுசாக உருவாக்கி, அதாவது பில்டு செய்து, காட்ட வேண்டும். காட்டிவிட்டால் மூன்று வருஷத்துக்கு வேலை. இல்லையென்றால் வாசலில் உள்ள பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

முதலில் ஒரு பில்டுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மெமரி கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. மாட்டினார்கள். போர்டின் மூளையான சிப்பில் ஒரே கோர் செய்துகொண்டிருந்த வேலையை நான்கு கோருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஃபேன் வைத்துவிட்டு, போர்டின் வேகத்தை இரண்டு படி ஏற்றினார்கள். திங்கட்கிழமை காலை, பில்டு ஐம்பதே நிமிஷத்தில் முடிந்தது. மைத்துனர் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மாமா அந்தக் காட்சியைப் பார்த்தார். போட்டி நிறுவனத்து முதலாளியும் மைத்துனரும் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பில்டு ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. புதன்கிழமை ஒன்றே முக்கால் மணி. இன்று காலை இரண்டேகால். இதையும் அந்தக் காபியையும் முடிச்சுப் போட மாமாவுக்கு மூளைக்கா பஞ்சம்?

“அந்த ஆளோட காபி குடிச்சியே, அதையாவது ஒத்துக்கிறியா?”

மைத்துனர் தலையாட்டினார். “வேலைக்குக் கூப்பிட்டாரு. வரலைன்னு சொல்லிட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா இப்படித்தான் பார்ப்பீங்கன்னு தெரியும்.”

“அவனைப் பார்த்துட்டு வந்த மறுநாள்லேருந்து போர்டு படுத்துக்குது. என் காதுல பூ சுத்தாத.”

மைத்துனரின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அஞ்சு நிமிஷம் குடுங்க மாமா. உள்ள என்னென்ன ஓடுது, எது போர்டோட சக்தியை எவ்வளவு இழுக்குதுன்னு லிஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம். விஷயம் தெரிஞ்சுடும்.”

மாமா சட்டென்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இனிமே நீ இதுல கை வைக்க வேணாம்.”

“பார்க்கத்தானே போறேன்.”

“பார்க்கவும் வேணாம். சாவியை வச்சுட்டுக் கிளம்பு.”

பன்னிரண்டு வருஷம் ஒன்றாக உழைத்த மனுஷர். சாவியை மேசைமேல் வைத்தார். “நாளைக்கு நல்லபடியா நடக்கட்டும் மாமா” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். முன்னறையில் உட்கார்ந்து கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவைத் தாண்டும்போதுகூட நிமிரவில்லை.

அக்கா உள்ளே வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

“என் தம்பிதான் கெடுத்தான்னா, இப்ப அவன் கை படாம ஓட்டிப் பாருங்க.”

மாமா ஓடவிட்டார். எதிரும் புதிருமாக இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது நிமிஷம் கழித்துப் பார்த்தால், பில்டு பாதியைக்கூடத் தாண்டவில்லை.

“போறதுக்கு முன்னாடியே எதையாவது உள்ள வச்சுட்டுப் போயிருப்பான்.” மாமாவின் குரலில் தெம்பில்லை.

“அப்ப அவன் கேட்ட லிஸ்டை எடுங்க. வச்சிருந்தா அதுல மாட்டுவான் இல்ல?”

“அதெல்லாம் உனக்குப் புரியாது.”

“எனக்குப் புரியாட்டிப் போகுது. உங்களுக்குப் புரியும்ல? எடுங்க.”

அவள் நகர்கிற வழியாக இல்லை. மாமா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் ஒரு வரியைத் தட்டினார். திரையில் பட்டியல் விரிந்தது. எது அதிகமாக இழுக்கிறதோ அது மேலே வரும். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

“முதல் மூணு வரியும் ஒரே பேரா இருக்கு. பில்டு பாவம், அதுக்குக் கீழல்ல நிக்குது. இந்த மூணையும் யாருங்க ஓட விட்டது?”

மாமா கீபோர்டைத் தள்ளி வைத்தார். மறைத்து வைத்த கேமராவால் அறையை நொடிக்கொரு படம் எடுக்கவும், தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் குறித்து வைக்கவும் சொல்லி, திங்கள், செவ்வாய், புதன் என்று சந்தேகம் கூடக்கூட சாயங்காலத்துக்கு ஒன்றாக, மைத்துனரைக் கையும் களவுமாகப் பிடிக்க அவரேதான் அந்த மூன்றையும் அதே போர்டில் ஓடவிட்டிருந்தார்.