இங்வாரோடு போனவர்கள்

வோபர்ன் அச்சகத்தின் கண்ணாடிக்குள்ளால் பின்னேர வெயில் சரிந்து, மேசையிலிருக்கும் ஒரு பாஸ்போர்ட் படத்தில் விழுகிறது. பவளராணியின் மகன். கப்பலோடு காணாமற்போய்ப் பதினைந்து வருடம் கழித்து, இப்போதுதான் அவனுக்கு அந்தியேட்டி என்ற ஈமக்கடனைச் செய்ய அவள் சம்மதித்திருக்கிறாள். அன்றைக்குச் சபையில் வாசிக்கும் கல்வெட்டு, இறந்தவன் நினைவாக அச்சிடும் புத்தகம், திரையில் திறந்திருக்கிறது. அச்சகம் நடத்தும் கஜீவனின் விரல் கடைசி வரியில் நிற்கிறது. "'இராசநாயகம் அனுப்பிய கப்பலில் போய்ச் செத்தான்.' அன்ரி, களவாய் ஆள் அனுப்பின ஏஜென்சிக்காரன்ர பேரை ஆரும் கல்வெட்டில போடுறேல்லை." அவள் தன் போனை நீட்டுகிறாள். பாசி படர்ந்த கல்; பாம்பாய் வளைந்தோடும் எழுத்து. "சுவீடனில இருக்கு. இங்வார் எண்டொரு வைக்கிங் தலைவன் பெடியளைக் கப்பலில கிழக்கால கூட்டிக்கொண்டு போனவன். கனபேர் திரும்பேல்லை. பெத்ததுகள் நட்ட கல் உது. இப்பிடி இருபதுக்கு மேல இருக்கு. எல்லாத்திலயும் கூட்டிக்கொண்டு போனவன்ர பேர். ஆயிரம் வருசமாகியும் அழியேல்லை."

கஜீவன் குரலைத் தாழ்த்துகிறான். "இராசநாயகம் இப்ப இஞ்ச பக்கத்து ரவுண் அஜக்ஸில பெரிய மனுசன். அந்தியேட்டிக்கும் வருவாரே."

"வரத்தான் வேணும்." அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் ஆறுதலாகத் துடைக்கிறாள். "எழுத்தைப் பெரிசாக்கும், தம்பி. கண்ணாடி இல்லாட்டிலும் தெரியவேணும். புத்தகத்தைச் சபையில வைச்சுத்தான் அவற்ற கையில குடுப்பன். வாசிக்கிறதுக்கு அவரைத்தான் கேட்டனான். ஓமெண்டிட்டார்."