கழுத்து மடிப்பு

காட்டில் ஆமைகளை ஆராய்ந்த என் மனைவி இதயா வீடு திரும்பும்போதெல்லாம், அவள் உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணிகளை நான்தான் இடுக்கியால் எடுப்பேன். "முடிஞ்சுதாப்பா?" என்பாள். முடிந்தது என்பேன். உண்ணிக் காய்ச்சலில் அவள் இறந்த அன்று, காதுக்குப் பின்னால் இன்னும் ஒன்று ஒட்டியிருந்ததை நர்ஸ் காட்டினார்.

அடையாளத்துக்காக அவள் ஓட்டில் நகப்பூச்சால் எண் எழுதிய ஆமை ஒன்றை வனக்காவலர் பொம்மன் நேற்று கொண்டுவந்தார். கால் இடுக்குகளில் இருந்த உண்ணிகளை எடுத்தேன்.

"முடிஞ்சுது சார், விட்டுரலாம்."

"இன்னொண்ணு இருக்கும்."

"எங்க சார்?"

எனக்கும் தெரியவில்லை. கழுத்து மடிப்பை மட்டும் இன்னும் பார்க்கவில்லை; ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. எப்போது நீட்டும் என்று கேட்டேன்.

"நாம பக்கத்துல இருக்கற வரைக்கும் நீட்டாது சார்."

நான் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.