குடிலுக்குள் புகுந்த சேவல்

ஒரு தோட்டத்து வீட்டில் கொழுகொழுவென்று ஒரு சேவல் இருந்தது. அந்த வருசக் கிறிஸ்துமஸ் குழம்புக்கு அதைத்தான் குறித்து வைத்திருந்தார்கள். அன்று காலையில் வீட்டுக்காரி ரோசம்மா அம்மியில் மசாலா அரைக்க உட்கார்ந்ததும் சேவலுக்கு விசயம் புரிந்துவிட்டது. ஒரே ஓட்டமாக ஓடி, முன்னறையில் வைக்கோல் வேய்ந்து, மண்பொம்மைகள் வைத்துக் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் குடிலுக்குள் புகுந்துகொண்டது.

"இங்க நின்னா அறுக்க மாட்டாங்கல்ல?" என்று பொம்மைகளைக் கேட்டது.

"எங்களை இதுவரைக்கும் யாரும் அறுத்ததில்லப்பா," என்றது மண்கழுதை. "ஆனா அசையக் கூடாது, கூவக் கூடாது. முன்னால முளைக்கப் போட்டிருக்கிற கேழ்வரகுப் பயிரைக் கொத்தவும் கூடாது."

"கொத்தவும் கூடாதா? இதுக்குக் குழம்பே தேவலபோல இருக்கே!"

அந்த நேரம் பார்த்து, குடில் பார்க்க வந்தாள் பக்கத்து வீட்டு ஞானசெல்வி.

"அடியாத்தீ! சேவல் பொம்மை அச்சு அசலா உயிரோட நிக்கிற மாதிரியே இருக்கே மதினி! எங்க வாங்கினீங்க?"

தன் வீட்டுச் சேவல் ரோசம்மாவுக்குத் தெரியாதா? ஆனால் போன வருசம் ஞானசெல்வி வீட்டுக் குடிலில் ஒட்டகப் பொம்மை நின்றதை அவள் இன்னும் மறக்கவில்லை.

"திருவிழாக் கடையில வாங்கினது. லேசுல கிடைக்காது," என்றாள்.

ஞானசெல்வி போய்த் தெருவையே கூட்டி வந்துவிட்டாள். எல்லாரும் குடில் முன்னால் முழங்கால் போட்டார்கள். ரோசம்மாவும் சேவலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே ஜெபத்தைத்தான் பண்ணினார்கள்: கூவல் சத்தம் மட்டும் வந்துவிடக் கூடாது, ஆண்டவரே!

"ஆமென்," என்றது கழுதை.

அந்த வருசம் அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பூசணிக்காய்க் குழம்பு.