வாயைப் பிடுங்கியவள்

தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதி எப்படி நடக்கிறது என்று மதிப்பிட வந்த ஆய்வாளருக்கு அரை மணி நேரத்திலேயே சலித்துவிட்டது. வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"எல்லாம் நல்லா இருக்கு மேடம்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"நானும் ஹாஸ்டல்ல வளந்தவதான். பயப்படாம சொல்லுங்க. யார் பேரும் வெளிய போகாது."

ஜன்னலோரம் இருந்தவள் மெல்ல வாய் திறந்தாள். "சாப்பாட்டுல புழு நெளியுதுக்கா."

அவ்வளவுதான், மடை உடைந்தது.

"கக்கூஸ்ல தண்ணியே வராது."

"வார்டனோட தம்பி நாங்க குளிக்கிறப்ப எட்டிப் பாக்குறான்."

ஒன்று விடாமல் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டாள். அன்றே ஒலிப்பதிவைத் தன் ஆய்வு நிறுவன இயக்குநரிடம் கொடுத்தாள்.

"இவங்களைச் சும்மா விடக் கூடாது சார்."

மறுவாரம் இன்னும் சில விவரங்கள் கேட்கப் போனபோது, அந்தப் பெண்களில் ஒருத்திகூட விடுதியில் இல்லை. வேலையை விட்டே துரத்திவிட்டார்களாம்.

பதறிப்போய் இயக்குநருக்குப் போன் போட்டாள்.

"நம்ம அறிக்கையே இன்னும் போகலையே சார்!"

"அறிக்கையை யாரும்மா கேட்டா?" என்று அவர் சிரித்தார். "யார் யார் குறை சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் நிர்வாகம் நம்மகிட்ட வந்துச்சு."

அவள் போனை வைக்கப் போனாள். அவரோ விடவில்லை.

"அடுத்த விடுதிக்கும் உன்னையேதான் கேக்கறாங்க. உன்கிட்டதான் எல்லாரும் மனசு விட்டுப் பேசறாங்களாம்."