மிதக்கும் பூச்சி

"நீயெல்லாம் ஒரு புள்ளையாப்பா? கை விழுந்த மனுசனைக் கொண்டாந்து வெயில்ல மீன் புடிக்க நிறுத்திக்கினு இருக்கியே!"

புல்லுக்கட்டை இறக்கிவிட்டுக் கத்தினாள் செல்லியம்மா. கங்காதர நெல்லூர் ஏரிக்கரையே திரும்பிப் பார்த்தது.

ஜாபேஸ் சிரித்துவிட்டு நூலைச் சரிபார்த்தான். ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனவன், மூன்று வருஷம் கழித்து ஒரு மாத லீவில் வந்திருந்தான். அவன் நைனா தியோடரின், வாதத்தில் விழுந்த வலது கையில் ஒல்லியான தூண்டில் கழி. அந்த முழங்கையை மகன்தான் தாங்கிக்கொண்டிருந்தான்.

நூல் நுனியில் கோழி இறகால் கட்டிய ஒரு பூச்சி. பெயர் 'டிரை ஃப்ளை'யாம். தண்ணீர்மேல் மிதக்குமாம்.

"நனைஞ்சா முழுகிடும் நைனா. நாலு வாட்டி முன்னயும் பின்னயும் காத்துல வீசி உலர்த்திட்டுத்தான் போடணும்."

"மண்புழுவுக்கே வராத மீனு, எறகைத் துன்ன வரப்போவுதா?"

"சும்மா இரு செல்லி. வீசற நேரத்துல பேசிக்கினு!"

தியோடர் பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். ஒரு கெண்டை மேலே வந்து கவ்வியது. உடனே விட்டுவிட்டு ஓடியது.

"ச்சே! இன்னொரு வாட்டி!"

இருபது நாளாக இதே கூத்து. ஒரு மீன்கூடச் சிக்கவில்லை.

தியோடர் களைத்து உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டில் எடுக்க ஜாபேஸ் பைக்குக்குப் போனான். கீழே கிடந்த பூச்சியை எடுத்துப் பார்த்த செல்லியம்மா, அவன் பின்னாலேயே ஓடினாள்.

"அடப்பாவி, இதுல தூண்டில் முள்ளே இல்லியே!"

"மெதுவா அத்தை. நான்தான் வெட்டிட்டேன். டாக்டர் தெனம் இருநூறு வாட்டி கையைத் தூக்கச் சொன்னாரு. வீட்ல பத்துகூடத் தூக்க மாட்டேன்றாரு. இங்கயும் ஒரு மீன் மாட்டினா, போதும்னு கெளம்பிடுவாரு. சொல்லிடாதீங்க."

செல்லியம்மா வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்ன, முள்ளு இல்லன்னு பாத்துட்டியா?" என்றார் தியோடர்.

"அண்ணா! உனக்குத் தெரியுமா?"

"இந்த ஏரியில மீன் புடிச்சே வளந்தவன். மொத நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"வீட்ல இருந்தா அவன் லேப்டாப்பை விட மாட்டான். இங்க இருபது நாளா என் கையை விடல. நீ எதையும் கெடுத்துடாத" என்று உதட்டின்மேல் விரலை வைத்தார்.

வலது கை விரல். யாரும் தாங்காமலே மேலே போயிருந்தது.

செல்லியம்மா வாயைப் பிளந்தாள். அதற்குள் ஜாபேஸின் காலடிச் சத்தம். சட்டென்று கையைத் தொங்கப் போட்டார் தியோடர்.

"வா ஜாபேஸு. கொஞ்சம் தாங்கிப் புடி, கை எழும்பவே மாட்டேங்குது."