தொண்ணூற்றொன்பது என்கிற கிளிப்

விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கிளிப்பில் தொண்ணூற்றொன்பது என்று பச்சையாக மின்னுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் தையல்காரர் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் வெறும் காற்றில் விரல்களை அசைக்கிறார். மழைக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குள்ளேயே ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார். அவர் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். "ஆக்ஸிஜன் நல்லாத்தானே இருக்கு சிஸ்டர், மாஸ்க்கை எடுங்க, வெளியில ஆள் காத்திருக்கு" என்கிறார் டாக்டர். நர்ஸ் மாஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள். "எடுக்க மாட்டேன் சார். மாஸ்க் போடறதுக்கு முன்னாடியும் இதே தொண்ணூத்தொம்பதுதான் காட்டுச்சு. ரத்தத்துல இருக்கறது ஆக்ஸிஜனா, ஜெனரேட்டர் புகையான்னு இந்தக் கிளிப்புக்குத் தெரியாது. லேப் ரிசல்ட் வரட்டும், அப்புறம் என்னைத் திட்டுங்க." மாஸ்க்குக்குள் காற்று இரைகிறது. லேப்காரர் நீட்டும் சீட்டில், ரத்தத்தில் புகையின் விஷமான கார்பன் மோனாக்சைடு முப்பத்திரண்டு சதவீதம். டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மாஸ்க்கின் வாரைத் தானே இறுக்குகிறார். நர்ஸ் அவரைப் பார்க்கவில்லை. "நீங்களும் கடையிலதான் இருந்தீங்களா?" என்று மனைவியைக் கேட்கிறாள். "பட்டன் தைச்சிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணுமில்லம்மா, லேசாத் தலைவலி." டாக்டரின் கை பழக்கத்தில் கிளிப்புக்குப் போகிறது. "அது கிடக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் இரண்டாவது மாஸ்க்கின் உறையைப் பல்லால் கிழிக்கிறாள்.