மாப்பிள்ளைக்கு ஒரு ஷேவர்

"பொண்ணு வீட்டுக்காரங்க நாலு மணிக்கு வந்துடுவாங்கடா. இந்த மூஞ்சிய எந்தத் துணியப் போட்டு மூடுறது?"

அம்மா விஜயத்தின் குரல் தெருமுனை வரை போயிற்று. பக்கத்து வீட்டு அம்சம் அதைக் கேட்க அவ்வளவு சிரமப்படவில்லை. காலையிலேயே வந்து, கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அதற்கு அவளுக்கு உரிமையும் இருந்தது. நன்னிலத்தில் இருக்கும் தன் அண்ணன் மகள் ரோஹிணிக்கு இந்த வரனைக் கொண்டுவந்ததே அவள்தான். கூடிவந்தால் அண்ணன் வீட்டில் அவள் வார்த்தைதான் வார்த்தை. கலைந்தால், அண்ணி வாசற்படி ஏறவிட மாட்டாள்.

மாப்பிள்ளை மயூரநாதனுக்கு நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. லீவில் மயிலாடுதுறைக்கு வந்திருந்தான். முகத்தில் கண்ணையும் மூக்கையும் மட்டும் அடையாளத்துக்கு விட்டுவிட்டு, மிச்ச இடத்தையெல்லாம் தாடிக்குக் கொடுத்திருந்தான்.

"பிளேடு கூடாதும்மா. கால் நரம்புல ரத்தம் உறைஞ்சதுலேருந்து ரத்தத்தை இளக்கற மாத்திரை சாப்பிடறேன்ல? சின்னதா கீறினாக்கூட ரத்தம் நிக்காது."

அது உண்மைதான். போன வருஷம் போனில் அதைக் கேட்டு விஜயம் ரெண்டு நாள் சோறு தின்னவில்லை. அம்சம் மட்டும் அதை அண்ணன் வீட்டில், "கால்ல லேசா சுளுக்கு" என்று சொல்லி வைத்திருந்தாள்.

"பிளேடு வேணாம். அதுக்குத்தான் பாயை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் விஜயம்.

துபாய் சாமான் கடை ஜெக்கரியா மூன்று ஷேவர் பெட்டிகளோடு வந்து இறங்கினார்.

"இது மூணு தலையும் சுத்துற மாடல், தம்பி."

"சுத்துனா தோலு மாட்டிக்காதா பாய்?" விஜயம் மகனை முந்திக்கொண்டாள்.

"மாட்டாதும்மா. ஆனா பழகாத தோலு, எரியும். இது வேணாம். அந்த ரெண்டாவதும் வேணாம், ஒயர் மாட்டியே ஓட்டணும். இதைப் பாருங்க. மேல சல்லடை மாதிரி மெல்லிசா ஒரு தகடு. பிளேடு உள்ளுக்குள்ளேயே ஓடும், தோலைத் தொடாது. ரத்த மாத்திரை சாப்பிடறவங்க இந்த மாதிரிதான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

சொன்னதோடு விடவில்லை. சட்டைப்பையிலிருந்து சிவப்பு பலூன் ஒன்றை எடுத்து ஊதி, அதன் மேல் மெஷினை மேலும் கீழும் ஓட்டினார். விஜயம் காதைப் பொத்திக்கொண்டாள். பலூன் வெடிக்கவில்லை.

"உங்க மகன் கன்னம் பலூனை விடவாம்மா மெல்லிசு?"

மயூரநாதன் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அமெரிக்காவுல கரண்ட் வேற பாய்."

"ஷேவ் பண்ணப்போறது மயிலாடுதுறையிலதானே? அதுவும் பேட்டரி."

"நீளத் தாடிக்கு இது ஓடாது. சிக்கிக்கும். முதல்ல கத்தரியால வெட்டணும். கத்தரி பட்டுட்டா?"

"பின்னாடி பட்டனைத் தள்ளுங்க தம்பி, டிரிம்மர் வரும். அதுல குறைச்சுட்டு இதுல எடுங்க."

ஜெக்கரியாவின் பதில்கள் பலூனைப் போலவே வெடிக்காமல் நின்றன. மயூரநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. சவரம் பண்ணக் கூடாது."

கூடமே அவனைத் திரும்பிப் பார்த்தது. அமாவாசைக்கு நிலா வருமா வராதா என்று நேற்றுதான் கேட்ட பிள்ளை அவன்.

"இன்னிக்குப் புதன், தம்பி" என்றாள் அம்சம் மெதுவாக.

"ஆமாம் புதன்தான்" என்றார் ஜெக்கரியா. "வெள்ளின்னா நான் பள்ளிவாசலுக்குல்ல கிளம்பியிருப்பேன்."

விஜயம் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அம்சம் விடவில்லை. நாலு மணிக்கு அண்ணி வந்து நிற்கும்போது எதிரே இந்தத் தாடி நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஏதாவது வேண்டுதலா தம்பி? வைத்தீஸ்வரன் கோயிலுக்கா? சொல்லியிருந்தா காலையிலேயே கூட்டிட்டுப் போய் மொட்டையே போட்டிருக்கலாமே. பொண்ணு வீட்ல பக்தியான பிள்ளைன்னு சொல்லிக்கலாம்."

"வேண்டுதல் இல்ல அத்தை."

"எவளாவது ஏமாத்திட்டுப் போயிட்டாளா? அப்படின்னாலும் பரவால்ல, ரோஹிணி நல்ல பொண்ணு."

"யாரும் ஏமாத்தல அத்தை."

"அப்ப என்னதான்டா உனக்கு?" விஜயம் கத்தினாள்.

"இப்ப எடுக்கக் கூடாதும்மா. அவ்வளவுதான்."

"எப்பதான் எடுப்ப?"

"இன்னும் மூணு மாசம் ஆகட்டும்."

அதுவரை நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்த அப்பா வீரையன், பேப்பரை இறக்கினார். அந்த வீட்டில் சண்டை நடக்கும்போது அவர் வாய் திறந்து அம்சம் பார்த்ததில்லை.

"விஜயம், இவன் உன் வயித்துல இருந்தப்ப எங்கம்மா என்னைச் சவரம் பண்ணவே விடல. புள்ளைக்கு ஆகாதுன்னாங்க, பண்டாரம் மாதிரி திரிஞ்சேன். ஞாபகம் இருக்கா?"

"அந்தக் கதை இப்ப எதுக்குங்க?"

வீரையன் பேப்பரை மடித்து வைத்தார். மகனைப் பார்த்தார்.

"மருமகளுக்கு இப்ப மாசம் ஆறா, ஏழாடா?"

ரோஹிணிக்கும் திருவாரூர் பல் டாக்டர் ஒருவருக்கும் அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. விஜயம் அதற்கு முந்தின வாரமே பிரசவ லேகியத்தைக் கட்டிக்கொண்டு நியூஜெர்சிக்கு விமானம் ஏறியிருந்தாள்.